ஊரே ஜெபித்தும் போய்விட்டாள். இனி எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

மாலைநேரம்:

எல்லோருக்கும் வணக்கம். நீண்ட நாளாக இங்கே வாசிப்பவன். எழுதுவது இப்போதுதான்.

என் மனைவி மார்பகப் புற்றுநோயால் போன ஆகஸ்டில் இறந்துவிட்டாள். அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து நன்றாக இருந்தாள். பிறகு எலும்பில் திரும்ப வந்தது. சபையில் சங்கிலி ஜெபம், உபவாச ஜெபம் எல்லாம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் அவள் தலையில் கைவைத்து, சங்கீதம் 118:17-ஐச் சொல்லி, "இது உனக்கான வார்த்தை" என்றார். 'நான் சாவாமல், பிழைத்திருந்து' என்று தொடங்கும் வசனம். அவள் அதை ஒரு தாளில் எழுதி மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டிவைத்தாள். ஒவ்வொரு வேளை மாத்திரை எடுக்கும்போதும் அதை வாசித்துவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பாள்.

அடக்க ஆராதனை முடிந்த வாரத்தில் சபையின் மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார். பேச்சுவாக்கில், "எங்கேயோ விசுவாசத்தில் ஒரு குறை இருந்திருக்கும் தம்பி, இல்லையென்றால் கர்த்தர் கைவிடமாட்டார்" என்றார். சமையலறையில் நின்ற என் மகள் அதைக் கேட்டுவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அன்று இரவு என்னிடம் கேட்டாள்: "அம்மாவுக்கு விசுவாசம் இல்லையாப்பா?"

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், பாட்டு தொடங்கினால் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன்.

தயவுசெய்து வாட்ஸ்அப்பில் சுற்றும் வசன அட்டைகளை அனுப்ப வேண்டாம். 'சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது' என்கிற ரோமர் 8:28 எனக்கு மனப்பாடம். உங்களில் யாராவது இப்படியொரு இடத்தில் நின்றிருந்தால், எதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

சிறுமலர்:

அண்ணா, உங்கள் பதிவை வாசித்துவிட்டு அழுதேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் மகளை நினைத்துக்கொள்கிறேன், தினமும்.

பாளைக்காரர்:

தம்பி, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். சி.எஸ்.ஐ. சபை. உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் பட்டியல் என்று எல்லா சபையிலும் பிரசங்கம் செய்வார்கள். பெரும்பாலும் 34-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுவார்கள். அங்கே விசுவாசத்தினாலே 'பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள்' என்று இருக்கிறது. அப்படியே 37-க்கு வாருங்கள். அதே விசுவாசம், அதே அதிகாரம், அங்கே 'பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தார்கள்'. தப்பினவனுக்கு விசுவாசம் அதிகம், வெட்டுப்பட்டவனுக்குக் குறைவு என்று எழுதியவர் சொல்லவே இல்லை. 39-இல் எல்லாரையும் சேர்த்து, இவர்கள் எல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமல் போனார்கள் என்கிறார். உங்கள் மனைவி 37-ஆம் வசனத்தில் இருக்கிறவர். மகளிடம் வேதாகமத்தைத் திறந்து இதை விரல் வைத்துக் காட்டுங்கள். மூப்பருக்கும் காட்டலாம்.

இன்னொன்று. அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டான். நீங்கவில்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் இயேசுவும் மூன்று தரம் ஜெபித்தார், பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. கேட்டது கிடைக்காததெல்லாம் விசுவாசக் குறை என்றால் அந்தக் குற்றச்சாட்டு யார்மேல் போய் விழும் என்று அந்த மூப்பர் யோசித்துப் பார்க்கட்டும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் மூத்த மகன் சாலை விபத்தில் போனான். அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்டு நின்றது சங்கீதம் 88. ஆறுதலான சங்கீதமா என்றால் இல்லவே இல்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் ஏறக்குறைய எல்லாமே கடைசியில் ஒரு துதியில் வந்து நிற்கும். 13-ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' என்று நாலு முறை கேட்டுவிட்டு, ஆறாவது வசனத்தில் பாடுவேன் என்று முடித்துவிடுகிறான் தாவீது. 88 அப்படித் திரும்புவதே இல்லை. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்று கர்த்தர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, இருட்டிலேயே முடிந்துவிடுகிறது.

அதை ஒருவன் எழுதினான், ஆலயத்தில் பாடக் கொடுத்தார்கள், பாடினார்கள். நூற்றைம்பது சங்கீதங்களில் அதை யாரும் வெட்டி எறியவில்லை. நான் துதிக்க முடியாமல் கிடந்த காலத்தில், துதிக்க முடியாதவனுக்கும் அந்தப் புஸ்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் என்னைச் சபைக்குள் வைத்திருந்தது. அந்த மனுஷன் கோபத்தில் வேறு யாரிடமும் போகவில்லை. கர்த்தாவே என்றுதான் கூப்பிடுகிறான். உங்கள் கோபமும் இன்னும் அங்கேதான் போய் நிற்கிறது. நீங்கள் விசுவாசத்தை விட்டுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பாட்டுக்கு எழுந்து வெளியே போவதில் ஒன்றுமில்லை. திரும்ப உள்ளே வருகிறீர்கள் அல்லவா, அது போதும்.

தீபம்_ஆவடி:

அண்ணா, நான் பெந்தெகொஸ்தே சபை. உங்கள் மனைவியைப் பற்றி அப்படிச் சொன்னது ரொம்பத் தப்பு. எங்கள் ஆட்களிலும் அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். சுகத்துக்காக ஜெபிப்பதே வீண் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. யாக்கோபு 5-இல் வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கட்டும், எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்று தெளிவாக இருக்கிறது. என் அம்மா ஐ.சி.யு.வில் இருந்தபோது டாக்டர்களே கையை விரித்தார்கள். சபை முழுவதும் இரவெல்லாம் ஜெபித்தது. அம்மா இன்று எங்களோடு இருக்கிறார். அதை நான் எப்படி இல்லை என்று சொல்ல முடியும்?

பாளைக்காரர்:

தீபம் தம்பி, நீங்கள் அதை இல்லை என்று சொல்லவே வேண்டாம். உங்கள் அம்மா பிழைத்ததற்கு நானும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். நானும் வியாதிப்பட்டவர்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறவன்தான்.

எனக்குள்ள வருத்தம் எங்கே என்றால், சபையில் சாட்சி சொல்ல மைக்கை உங்கள் அம்மாவிடம் கொடுக்கிறோம், மாலைநேரத்திடம் கொடுப்பதில்லை. வருடக்கணக்கில் இப்படியே நடந்தால், உட்கார்ந்து கேட்கிற ஜனங்கள் மனதில் ஒரு கணக்கு உருவாகிவிடும்: ஜெபித்தால் சுகம், சுகமில்லையென்றால் ஜெபத்தில் கோளாறு. அந்த மூப்பர் கெட்டவராக இருக்கமாட்டார். அந்தக் கணக்கில் வளர்ந்தவர். பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் மூன்று சிநேகிதரும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். கடைசியில் கர்த்தர் யாரிடம் கோபப்பட்டார்? பிறந்த நாளைச் சபித்த யோபுவிடம் அல்ல. தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அந்தச் சிநேகிதரிடம்தான். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடுகூடத் தரையில் உட்கார்ந்திருந்தது.

தீபம்_ஆவடி:

மைக் விஷயம் உண்மைதான் ஐயா. இதுவரை யோசித்ததில்லை. சுகமாகாதவர்களின் குடும்பத்தில் யாரும் எங்கள் சபையில் எழுந்து பேசி நான் கேட்டதில்லை.

நெய்தல்கரை:

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர், குமரி மாவட்டம், தூத்தூர் பக்கம்.

ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30. எங்கள் ஊர்ப் படகுகள் பல நாள் தங்கி மீன் பிடிப்பவை. சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடலில் வெகுதூரம் போய்விடுவார்கள். கரையில் எச்சரிக்கை வந்தபோது அவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள், தகவல் சொல்ல வழியில்லை. வள்ளவிளை, சின்னத்துறை என்று ஊர் ஊராக ஆட்கள் திரும்பவில்லை. என் அண்ணனும் வரவில்லை. குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தேடுங்கள் என்று கேட்டோம். பங்குச் சாமியார்களும் எங்களோடு தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

உடல் கிடைக்கவே இல்லை.

செத்துப்போனான் என்று தெரிந்தால் அழுது அடக்கம் பண்ணலாம். எங்களுக்கு அதுவும் இல்லை. வீட்டுக்குள் பெரிய சண்டை. பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும், ஆனால் எதற்கு? அவன் திரும்பி வர வேண்டும் என்றா, இறந்த ஆன்மா இளைப்பாற வேண்டும் என்றா? அண்ணி முதலாவதைத்தான் சொன்னாள். அப்பா இரண்டாவதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கடைசியில் அம்மாவும் நானும் பங்கு அலுவலகத்துக்குப் போனோம். பூசைக் கருத்து எழுதுகிற நோட்டு இருக்குமே, அதில் பெயருக்கு எதிரே 'இறந்தவர்' என்றோ 'நலம் வேண்டி' என்றோ எழுத வேண்டும். பங்குத்தந்தை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா முகத்தைப் பார்த்தார். அம்மா வாயைத் திறக்கவில்லை. அவர் அண்ணன் பெயரை மட்டும் எழுதினார். எதிரே இருந்த கட்டத்தைக் காலியாக விட்டார். "ஆண்டவருக்குத் தெரியும் அம்மா, நாம பெயரைச் சொன்னா போதும்" என்றார். பூசையிலும் பெயரை மட்டுமே வாசித்தார்.

இதற்குப் பிறகு அம்மா கோயிலுக்குப் போவதை விடவில்லை. அந்தச் சாமியார் எங்களுக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கல்லறைத் திருநாள் அன்று எல்லாரும் அவரவர் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். எங்களுக்குக் கல்லறை இல்லை. கல்லறைத் தோட்டத்து நடுவில் இருக்கிற பெரிய சிலுவையின் அடியில் கொளுத்துகிறோம். எங்களைப்போல் ஊரில் வேறு வீட்டுக்காரர்களும் அங்கே வருவார்கள். ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்வோம். கடல் உள்ளே கொண்டுபோனவர்களையும் கடவுள் எழுப்புவார் என்பதை நான் அந்த இடத்தில் நின்றால் நம்புகிறேன். வீட்டில் தனியாக இருந்தால் சில நாள் நம்ப முடிவதில்லை. அதனால்தான் போகிறேன். உங்களுக்கும் நம்ப முடியாத நாட்களில் உங்களுக்காக நம்புகிறவர்கள் நாலு பேர் வேண்டும். எங்களுக்கு அது அன்பியத்துக்காரர்கள், பங்கில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழு. சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வந்த சத்தம் இல்லாமல் போனார்கள்.

மாலைநேரம்:

எல்லாருக்கும் நன்றி. பாளைக்காரர் ஐயா, எபிரெயர் 11-ஐ மகளோடு சேர்ந்து வாசித்தேன். 37-ஆம் வசனத்தை அவளே மறுபடி வாசித்தாள். பிறகு, "அப்போ அந்தத் தாத்தா இதைப் படிச்சதில்லையா?" என்று கேட்டாள்.

நெய்தல்கரை, உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

பகலில் சமாளித்துவிடுகிறேன். ஆபீஸ், மகளின் டியூஷன், சமையல் என்று ஓடிவிடுகிறது. இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வருகிறது. அவளோடு நானும் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. இதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

இரவுப்பணி:

அண்ணா, நான் நர்ஸ். வலிநிவாரண சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். நேராகவே கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போயிருந்தால் நன்றாக இருக்கும் என்பது ஒரு ஏக்கமாக வருகிறதா, அல்லது உயிரை விட்டுவிட வேண்டும் என்றும் எப்படி என்றும் யோசனை போகிறதா? இரண்டாவது என்றால் இன்றைக்கே, இந்த நிமிடமே ஒருவரிடம் பேச வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். முதலாவது என்றாலும் பேசலாம், அதற்கும்தான் அந்த எண் இருக்கிறது. உங்கள் தம்பியோ நண்பரோ ஒருவர் இரவு வீட்டில் வந்து தங்கட்டும்.

விசுவாசி இப்படி யோசிக்கலாமா என்று யாராவது சொன்னால், 1 இராஜாக்கள் 19-ஐக் காட்டுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றான். கர்மேல் மலையில் அவன் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கின கொஞ்ச நாளிலேயே. அதற்குக் கர்த்தர் திட்டினாரா, பிரசங்கம் பண்ணினாரா? தூதன் அவனைத் தட்டி எழுப்பினான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்திருந்தது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டான். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். போக வேண்டிய தூரம் அதிகம் என்றான், அவ்வளவுதான். கர்த்தர் அவனோடு பேசியதெல்லாம் தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிறகு. நான் எங்கள் வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் முதலில் கேட்பது, "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா?" என்பதுதான். உங்களிடமும் அதையே கேட்கிறேன். தூக்கம் இப்படிக் கெடுவது வாரக்கணக்கில் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபமும் மாத்திரையும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை.

லண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர்தான் 1953-இல் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்காகத் தொலைபேசி எண் ஒன்றை அறிவித்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித் தொடங்கியது. சென்னையில் சினேகா 1986 முதல் இதே வேலையைச் செய்கிறது. ஆகவே போன் எடுத்துப் பேசுவது விசுவாசத்துக்கு வெளியே போவதாக நினைக்க வேண்டாம்.

மாலைநேரம்:

சிஸ்டர், முதலாவதுதான். மகளை விட்டுப் போகமாட்டேன். ஆனாலும் நீங்கள் நேராகக் கேட்டதே ஒரு பாரம் இறங்கினாற்போல் இருக்கிறது. மச்சானை வந்து தங்கச் சொல்லியிருக்கிறேன். எண்ணையும் குறித்துக்கொண்டேன்.

கேட்பவன்:

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். மாலைநேரம் சார், உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம். இங்கே வாதம் செய்ய வரவில்லை, உண்மையாகவே ஒரு கேள்வி. ஆறுதல் தருகிறது என்பதனால் ஒன்று உண்மையாகிவிடுமா? நெய்தல்கரை சொன்ன அந்தப் பங்குத்தந்தை, இரவுப்பணி சகோதரி, இவர்கள் எல்லாம் நல்ல மனிதர்கள். அந்த நல்ல மனிதர்களே போதாதா? கடவுளை ஏன் அதற்குள் கொண்டுவர வேண்டும்?

பாளைக்காரர்:

நல்ல கேள்வி. ஆறுதல் தருவதனால் ஒன்று உண்மையாகிவிடாது. பவுலே இதை ஒத்துக்கொள்கிறான். 1 கொரிந்தியர் 15-இல், கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கம் விருதா என்கிறான். இம்மைக்காக மாத்திரம் கிறிஸ்துவின்மேல் நம்பிக்கை வைத்திருந்தால் எல்லா மனுஷரிலும் பரிதாபமானவர்கள் நாங்கள்தான் என்றும் சொல்கிறான். மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்கிற கதை என்றால் அவ்வளவு பெரிய பணயம் வைத்து ஒருவன் பேசமாட்டான்.

நல்ல மனிதர்கள் போதாதா என்றால், உயிரோடு இருக்கிற எனக்குப் போதும் என்றே வைத்துக்கொள்வோம். என் மகனுக்கு? அவனுக்கு 24 வயது. நல்ல மனிதர்கள் யாரும் அவனுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. அவன் விஷயம் இன்னும் முடியவில்லை என்று சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே ஆள் கல்லறையிலிருந்து வந்தவர். வந்தவர் காயம் ஆறி, வடு மறைந்து வரவில்லை. நம்பாமல் இருந்த சீஷன் தோமாவைக் கூப்பிட்டு, விரலை நீட்டு, கையை என் விலாவிலே போடு என்கிறார். பட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்று அழித்துவிடாமல் அதோடு எழுந்த ஒருவரை நான் நம்புகிறேன். நிரூபித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. ஆனால் இதன்மேல்தான் நிற்கிறேன்.

கேட்பவன்:

எனக்கு உடன்பாடு இல்லை ஐயா. ஆனால் உங்கள் மகனைப் பற்றிச் சொன்னதை மறக்கமாட்டேன்.

இரவுப்பணி:

கேட்பவன் அண்ணாவின் கேள்விக்கு என் பக்கமிருந்தும் ஒன்று. துன்பத்தைப் புனிதமாக்கிவிடுகிற பேச்சு எனக்கும் பிடிக்காது. எங்களிடம் ஒரு வயதான அம்மா இருந்தார். குடலில் புற்றுநோய். வலி பத்துக்கு எத்தனை என்றால் ஒன்பது என்பார், மார்ஃபின் கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். ஏன் என்று கேட்டதற்கு, "சிலுவையில் ஆண்டவர் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை வேண்டாமென்றாரே சிஸ்டர், நான் மட்டும் வாங்கிக்குடிக்கலாமா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளுக்காக ஜெபிக்கிற போதகர் (சாப்ளின்) வந்து கட்டிலருகே முழங்கால் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, அவர் தமக்கு வேண்டாமென்றார். வலியோடு தம்மிடம் வந்த ஒருத்தரையாவது பொறுத்துக்கொள் என்று அனுப்பினாரா?" என்று கேட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். அன்று இரவு தூங்கினார்.

நவீன வலிநிவாரண இல்லங்களைத் தொடங்கிவைத்த சிசிலி சாண்டர்ஸ், 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தவர், தன் கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்துதான் அந்த வேலைக்கு வந்தார். வலியைச் சகித்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை, வேளாவேளைக்கு மருந்து கொடு என்றார். உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை, ஆத்துமாவின் வேதனை எல்லாவற்றையும் ஒரே வலியாகச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்.

எங்களுக்கு வகுப்பில் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொல்வார்கள். வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது 1954-இல் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வே போய்விட்டது. கொஞ்ச நஞ்ச விரக்தி இல்லை. டாக்டர் பால் பிராண்ட்தான் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யலாம் என்று யோசனை சொன்னார். சக்கர நாற்காலியிலிருந்தே செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. தண்டுவடம் அடிபட்டு வருகிற எத்தனையோ பேர் இன்றைக்கும் அங்கேதான் மறுபடி உட்காரவும் உடுத்தவும் கற்றுக்கொள்கிறார்கள்.

இதற்காகத்தான் கர்த்தர் அந்த விபத்தை அனுமதித்தார் என்று சிலர் முடிச்சுப் போடுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு பெண்ணின் முதுகெலும்பை முறித்துத்தான் மையம் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் கர்த்தருக்கு இல்லை. முறிந்த பிறகும் அவர் அவளை விட்டுப் போகவில்லை, நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். மாலைநேரம் அண்ணா, அக்கா இறந்ததற்கு ஒரு நோக்கம் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற சுமை உங்களுக்கு வேண்டாம்.

மட்டுநகர்:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, எங்கள் ஊரில் சீயோன் தேவாலயம், மூன்றிலும் குண்டு வெடித்தது. எங்கள் ஊரில் செத்தவர்களில் ஞாயிறுப் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வெளியே நின்ற பிள்ளைகள் பலர். அதற்கு முன் 2004-இல் சுனாமி நாவலடியைத் துடைத்துக்கொண்டு போனது. நடுவில் யுத்தம். இந்த ஊரில் ஒரு தலைமுறைக்குள் இவ்வளவும்.

எனக்குச் சொல்ல ஒரு விஷயம் உண்டு. பிள்ளையைப் புதைத்த ஈரம் காயுமுன்னமே, மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கமராவோடும் வந்தார்கள். ஒரிசாவில் 1999-இல் கணவரையும் இரண்டு பொடியன்களையும் வாகனத்தோடு எரித்துக் கொன்ற பின்னும் மன்னிக்கிறேன் என்று சொன்ன கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவைச் சொல்லிக் காட்டினார்கள். அந்த அம்மாவை நான் மிகவும் மதிக்கிறேன். பாரிபடாவில் தொழுநோயாளர் வேலையை விடாமல் தொடர்ந்தவர். ஆனால் அவர் தன் வாயால் சொன்னதை மற்றத் தாய்மாரின் வாயில் திணிக்கக் கூடாது. எங்கள் சபையில் ஒரு தாய் ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வார்த்தையும் ஜெபிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்தா, இருந்தா, போனா. நாங்கள் அவவைத் தனியே விடவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. பிறகொரு நாள் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது, குற்றஞ்செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று சொல்ல வேண்டிய 'எங்களுக்கு விரோதமாய்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு வருகிறதை மட்டும் சொன்னா. இப்போதும் அப்படித்தான் சொல்லுகிறா. அது போதும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாலைநேரம் அண்ணை, துக்கத்துக்குக் காலக்கெடு வைக்கிறவர்களிடமிருந்து கொஞ்சம் விலகி இருங்கோ.

நெய்தல்கரை:

மட்டுநகர், நிறுத்திய இடத்தோடு சேர்த்தே ஆண்டவர் கேட்டிருப்பார்.

மாலைநேரம்:

மச்சான் வந்து தங்கியிருக்கிறான். தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. டாக்டரையும் பார்த்தேன்.

ஒரு நடைமுறைச் சந்தேகம். கிறிஸ்துமஸ் வருகிறது. எங்கள் சபையில் கேரல் ரவுண்ட்ஸ் வீடு வீடாக வருவார்கள். துக்க வீடு என்பதால் இந்த வருடம் வேண்டாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள், ஸ்டாரும் கட்டக் கூடாது என்கிறார்கள். மகள் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள். என்ன செய்வது?

பாளைக்காரர்:

மகளிடம் கேளுங்கள். பெரியவர்கள் முடிவெடுத்துப் பிள்ளைக்கு அறிவிக்கிற காரியம் இல்லை இது. எங்கள் வீட்டில் முதல் வருடம் ஸ்டார் கட்டவில்லை, இரண்டாவது வருடம் பேத்திக்காகக் கட்டினோம். இரண்டுமே சரியாகத்தான் இருந்தது.

துக்கத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் மத்தேயு 2-ஐப் பாருங்கள். சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வைத்துவிட்டுப் போனதும் பெத்லகேமில் பிள்ளைகளைக் கொல்கிறான் ஏரோது. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள் என்ற வசனம் அங்கேதான் வருகிறது. அதே கதையின் நடுவில். கிறிஸ்துமஸ் நாடகத்தில் அந்தக் காட்சியை நாம் போடுவதில்லை, ஆனால் மத்தேயு அதை விடவில்லை.

இரவுப்பணி:

கேரல் குழுவின் தலைவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள் அண்ணா. டிரம்ஸ், சாண்டா எல்லாம் இல்லாமல் நாலைந்து பேர் மட்டும் வந்து, அக்காவுக்குப் பிடித்த ஒரு பாட்டைப் பாடி, பெயர் சொல்லி ஜெபித்துவிட்டுப் போகலாம். வேண்டாமென்றால் வேண்டாம். ஆனால் கேட்காமலே உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டால் அது மகளுக்கு வேறு மாதிரி வலிக்கும்.

மாலைநேரம்:

மகளிடம் கேட்டேன். ஸ்டார் கட்டலாம் என்கிறாள். கேரல்காரர்கள் வரலாம், ஆனால் "அந்தத் தாத்தா ஜெபிக்கக் கூடாது" என்கிறாள். சரி என்றேன். அவரிடம் நானே போய்ப் பேசப்போகிறேன், எபிரெயர் 11-ஐ எடுத்துக்கொண்டு.

தீபம்_ஆவடி:

அண்ணா, இதைப் படித்துவிட்டு எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் பேசினேன். எங்கள் கேரல் லிஸ்டில் இந்த வருடம் யாரையாவது இழந்த வீடுகளைத் தனியாகக் குறித்திருக்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் இரண்டு பேர் போய், வரலாமா, எப்படி வரலாம் என்று கேட்டுவிட்டு வருவது என்று முடிவு. பாஸ்டரிடமும் மைக் விஷயத்தைச் சொன்னேன். டிசம்பர் கடைசி ஆராதனையில் சாட்சி நேரத்தில் அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒருவர் விருப்பப்பட்டால் பேசலாம் என்று ஒத்துக்கொண்டார். இதை ஏற்கெனவே செய்கிற சபைகள் இருந்தால், எப்படிச் செய்கிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.